கடிஷ் சொல்லும் உரிமை யாருக்கு? மகன் இல்லாத வீட்டின் துக்க வழிபாடு குறித்து

மாடவிளக்கு எழுதியது:

ஹென்ரியேட்டா சோல்ட் 1912இல் ஹதாஸா என்ற யூதப் பெண்கள் அமைப்பை அமெரிக்காவில் நிறுவியவர். பால்டிமோரில் ரபியாக, அதாவது யூதச் சமய குருவாக, இருந்த பெஞ்சமின் சோல்டின் மகள். 1916இல் அவருடைய தாயார் காலமானபோது, ஹைம் பெரெட்ஸ் என்ற நண்பர், தாயாருக்காக, வழக்கப்படி மகன் சொல்லும் துக்க வழிபாடான கடிஷைத் தாமே சொல்வதாக முன்வந்திருக்கிறார். சோல்ட் மனமார நன்றி கூறிவிட்டு, அந்த உதவியை ஏற்க மறுத்துப் பதில் எழுதினார். தம் பெற்றோருக்கு எட்டுப் பெண்கள், ஆண்பிள்ளை கிடையாது என்றும், ஒருத்தியாவது ஆணாகப் பிறக்கவில்லையே என்று அவர்கள் குறைப்பட்டுத் தாம் ஒருநாளும் கேட்டதில்லை என்றும், தந்தை இறந்தபோதே மகள்களின் இடத்தில் வேறொருவர் நின்று கடிஷ் சொல்லத் தாயார் சம்மதிக்கவில்லை என்றும் அந்தக் கடிதத்தில் சொல்கிறார்.

இதில் என் ஐயம் ஒன்றே. சோல்ட் யூதச் சமயச் சட்டத்தை மீறினாரா, அல்லது சட்டம் இடம் தந்த ஒன்றை வழக்கம் மறுத்திருந்ததா? விவரம் அறிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கேள்வியைச் சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். பதிலுக்குப் போகும் முன், கடிஷ் எத்தகைய வழிபாடு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அது தெளிவானால் யார் சொல்லலாம் என்ற வழக்கில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

பெரும்பகுதி அரமேய மொழியில் அமைந்த கடிஷில் இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறந்தவரின் பெயரும் வராது. அவருக்கு அமைதி கொடு என்ற வேண்டுதலும் வராது. இறைவனின் பெரும் பெயர் உயர்ந்து புனிதப்படுவதாக என்று தொடங்கி, அவனுடைய ஆட்சி நம் வாழ்நாளிலேயே வருவதாக என்று வேண்டி, அமைதிக்கான மன்றாட்டோடு முடிகிறது. நடுவில் கூடியிருப்போர் அனைவரும், அவனுடைய பெரும் பெயர் என்றென்றும் போற்றப்படுவதாக என்று உரத்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்தான் கடிஷின் உயிர்நிலை. அதை முழு வலிமையோடு சொல்பவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை கிழித்தெறியப்படும் என்று யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தல்மூத்தின் ஷபாத் பகுதி சொல்கிறது. ஆகவே துக்கத்தில் இருப்பவர் எழுந்து செய்வது, தம் வாயால் தொடங்கி ஊரார் வாயால் இறைவனைப் போற்றச் செய்வதே. அந்தப் புகழ் இறந்த பெற்றோரின் கணக்கில் சேரும் என்பது நம்பிக்கை. நம் ஊரில் கொள்ளி வைக்கும் உரிமையோடு இதை ஒப்பிட யாருக்கும் தோன்றும். ஆனால் இங்கே இறந்தவருக்கென்று படைக்கப்படுவது எதுவும் இல்லை.

இதனால்தான் தனியாக இருந்து கடிஷ் சொல்ல முடியாது. இஸ்ரவேலர் நடுவே நான் புனிதப்படுத்தப்படுவேன் என்ற லேவியராகமம் 22:32ஐ அடிப்படையாகக் கொண்டு, புனிதப்படுத்தல் எதற்கும் பத்துப் பேருக்குக் குறையக் கூடாது என்று தல்மூத்தின் பெராகோத் பகுதி விதித்தது. மின்யான் எனப்படும் அந்தப் பதின்மர், பழமை வழுவாத ஆர்த்தடாக்ஸ் பிரிவினரிடம் இன்றும் பதின்மூன்று வயது நிறைந்த ஆண்களே.

துக்கம் காப்பவருக்கென்று தனிக் கடிஷ் ஏற்பட்டது பிற்காலத்தில். 1096இல் சிலுவைப் போர்ப் படைகள் ரைன் நதிக்கரை யூத ஊர்களில் படுகொலைகள் நிகழ்த்தின. அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் அஷ்கெனாஸி எனப்படும் அந்தப் பகுதி ஐரோப்பிய யூதரிடையே இவ்வழக்கம் வேரூன்றியது. இதற்கு ஒரு கதையும் உண்டு. நரகத்தில் விறகு சுமந்து ஓடும் ஒரு பாவியைப் பழங்காலச் சட்ட அறிஞரான ரபி அகிபா காண்கிறார். அவனுடைய மகனைத் தேடிப் பிடித்துக் கல்வி புகட்டி, சபை நடுவே எழுந்து இறைவனைப் போற்ற வைக்கிறார். மகன் வாய் திறந்ததும் தந்தை விடுதலை பெறுகிறான். வியன்னாவைச் சேர்ந்த ஐசக் பென் மோசே 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த சட்ட நூலில் இக்கதை இடம் பெறுகிறது. கதையில் வருவது மகன். பின்னால் வந்த சச்சரவு முழுவதும் இந்த இடத்தில்தான் முளைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தந்தையை இழந்தவன் வயது வந்தவனாக இருந்தால், சபைக்கு முன் நின்று முழு வழிபாட்டையும் நடத்துவதே அவனுக்குரிய முறையாக இருந்தது. பதின்மூன்று நிறையாத சிறுவனால் அது இயலாது என்பதால், வழிபாட்டின் கடைசியில் அவனுக்கென்று ஒதுக்கிக் கொடுத்ததே அநாதைக் கடிஷ். 1427இல் மறைந்த ரபி யாக்கோப் மோலின், வழிபாட்டை நடத்துவதே கடிஷை விட மேலானது என்று வற்புறுத்தியிருக்கிறார். சிறுவனுக்காக இறக்கி வைத்த படி, காலப்போக்கில் பெரியவர்களின் தலையாய கடமையாகிவிட்டது.

பொருநை எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்தே கேட்கிறேன். வழிபாடு நடத்தத் தகுதி பெறாத சிறுவனுக்காக ஏற்பட்டதுதான் இது என்றால், சபையை நடத்தும் தகுதி மகளுக்கு இல்லை என்ற காரணம் இங்கே செல்லுபடியாகாது. பதின்மர் கணக்கில் சேராத ஆறு வயதுச் சிறுவன் எழுந்து சொல்லலாம், ஊரார் ஆமென் சொல்வார்கள். முப்பது வயது மகள் சொன்னால் மட்டும் ஏன் ஆமென் சொல்லக் கூடாது? பதின்மராக யார் எண்ணப்படுவர் என்பது ஒரு கேள்வி, பதின்மர் கூடிய இடத்தில் யார் எழுந்து சொல்லலாம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, பெண்ணைப் பார்வையாளர் மாடத்திலேயே நிறுத்திவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அம்மா, நீங்கள் எடுத்துவைத்த வாதத்தை 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு ரபி எடைபோட்டுப் பார்த்திருக்கிறார். யாயிர் ஹாயிம் பாகராக் (1638–1702) என்பவர் 1699இல் பிராங்க்ஃபர்ட்டில் அச்சிட்ட, சமயச் சட்டக் கேள்விகளுக்கான விடைத் தொகுப்பில் 222ஆவது விடை இதைப் பற்றியது. ஆம்ஸ்டர்டாமில் மகன் இல்லாத ஒருவர் இறக்கும் முன் ஓர் ஏற்பாடு செய்தார். பத்துப் பேருக்குக் கூலி கொடுத்து, ஓராண்டு முழுவதும் நாள்தோறும் தம் வீட்டில் கூடி மறைநூல் படிக்கச் செய்ய வேண்டும். படிப்பு முடிந்ததும் தம் மகள் எழுந்து கடிஷ் சொல்ல வேண்டும். அப்படியே நடந்தது. அந்த ஊர்ப் பெரியவர்களும் ரபிகளும் தடுக்கவில்லை.

பாகராக் இதை எப்படி அலசுகிறார் என்று பாருங்கள். இதை மறுக்க ஆதாரம் எதுவும் இல்லை என்கிறார். இறைவன் பெயரைப் புனிதப்படுத்தும் கடமை பெண்ணுக்கும் உண்டு என்கிறார். கூடியிருக்கும் பதின்மரும் ஆண்களே, ஆகவே அந்த விதியும் மீறப்படவில்லை என்கிறார். அகிபா கதை மகனைச் சொன்னாலும், மகளும் அவனுடைய வித்தே என்பதால் அவள் சொன்னாலும் ஆன்மாவுக்குப் பயன் உண்டு என்பதே அறிவுக்கு ஒத்தது என்கிறார். இவ்வளவு தூரம் வந்த பிறகு, இதை அனுமதித்தால் ஆளுக்கொரு மேடை கட்டிக்கொண்டு அவரவர் மனம்போல் நடப்பார்கள், இஸ்ரவேலின் வழக்கங்கள் தளர்ந்துவிடும் என்று அஞ்சித் தடுத்துவிடுகிறார். தீர்ப்பு முழுவதும் மகள் பக்கம் எழுதப்பட்டு, கடைசி வரியில் புரட்டப்பட்டது போல எனக்கு எப்போதும் தோன்றும்.

எனவே மாடவிளக்கின் கேள்விக்கு என் பதில்: சோல்ட் சட்டத்தை மீறவில்லை, வழக்கத்தை மீறினார். அவரே கடிதத்தில் ஏறத்தாழ இதைத்தான் வாதிடுகிறார். வீட்டுப் பொறுப்பு காரணமாகப் பெண்களுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்குத் தரப்பட்டது. முடிகிறவள் செய்யக் கூடாது என்பது அந்த விலக்கின் நோக்கமாக இருந்ததில்லை என்பது அவர் நிலை.

1864இல் உங்வார் நகரத்து ரபி ஷ்லோமோ கான்ஸ்ஃபிரீட் எளிய மக்களுக்காக எழுதிய சுருக்கச் சட்ட நூலும் இதில் மதில்மேல் பூனைதான். மகள் ஜெப ஆலயத்தில் சொல்லக் கூடாது என்று விதித்துவிட்டு, வீட்டில் பதின்மரைக் கூட்டிச் சொல்லலாம் என்பாரும் உண்டு, அதுவும் கூடாது என்பாரும் உண்டு என்று இரண்டையும் பதிவு செய்து நகர்ந்துவிடுகிறது. வழக்கமோ இன்னும் நெகிழ்வாக இருந்திருக்கிறது. நியூயார்க்கில் 1986இல் மறைந்த மோஷே ஃபைன்ஸ்டைன் கட்டுப்பாட்டுக்குப் பெயர் போன ரபி. அவரே, துக்கத்தில் இருக்கும் பெண் ஆண்களின் படிப்பு மண்டபத்துக்குள் வந்து கடிஷ் சொல்வது தலைமுறை தலைமுறையாக எப்போதாவது நடந்துவந்ததுதான் என்று போகிறபோக்கில் எழுதுகிறார்.

நாவாய் எழுதியது:

நான் இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். நூல்கள் பற்றி என்னால் எழுத முடியாது. கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொண்ட பெரியவர் இறந்த மறுநாளே, கறுப்புக் கரையிட்ட அறிவிப்புத் தாளைக் கட்டட வாசலிலும் தெருமுனைச் சுவரிலும் ஒட்டினார்கள். வீட்டில் கண்ணாடிகளைத் துணியால் மூடினார்கள். ஏழு நாள் எரியும் மெழுகுவிளக்கை அலமாரியின் மேல் வைத்தார்கள். அவருக்கு இரண்டு மகள்கள் மட்டுமே. இருவரும் சட்டையின் கழுத்தோரத்தில் இடப்பக்கம், நெஞ்சுக்கு மேலே கிழிக்கப்பட்ட ஆடையோடு, கால் குட்டையான நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

மாலை வழிபாட்டுக்கு ஒன்பது ஆண்கள் வந்துவிட்டார்கள், பத்தாமவர் இல்லை. நான் ஆண்தான், அந்த வீட்டில் மூன்று வேளையும் அவருக்குச் சோறூட்டியவன்தான், ஆனால் என்னைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவருடைய மகள்கள் யூதர்கள், பெற்ற பெண்கள். அவர்களையும் சேர்க்க முடியாது. மூத்த மருமகன் படியிறங்கி ஓடிப்போய், கீழே காய்கறிக் கடையில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஓர் இளைஞரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். இறந்தவரின் பெயர்கூட அந்த இளைஞருக்குத் தெரியாது. வந்து நின்றார், எண்ணிக்கை நிறைந்தது, வழிபாடு தொடங்கியது. முடிவில் கடிஷ் வந்தபோது, மருமகன் அச்சிட்ட தாளைப் பார்த்துச் சொல்ல, இளைய மகள் சமையலறை வாசலில் நின்று அவரோடு சேர்ந்து, அறைக்குள் கேட்கும் அளவுக்குச் சொன்னார். ஒரு முதியவர் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அவர் உள்பட எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மூத்த மகள் மட்டும் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

என் சந்தேகம் இது. ஆணொருவர் கூடவே சொன்னதால்தான் ஒருவரும் எதிர்ப்புச் சொல்லவில்லையா?

தெற்குவாசல் எழுதியது:

பெரும்பாலும் அப்படித்தான், நண்பரே. மகள் சொல்வதை ஏற்கும் ஆர்த்தடாக்ஸ் ரபிகளில் பலர், ஆண் ஒருவரும் உடன் சொல்லட்டும் என்று நிபந்தனை வைப்பார்கள். அவள் பெண்கள் பகுதியில் தடுப்புக்கு அப்பால் நின்றே சொல்ல வேண்டும் என்பதும் உண்டு. ஸ்பெயின் வழிவந்த மரபைப் பின்பற்றும் செபராதிச் சபைகளில் துக்கம் காப்போர் அனைவரும் சேர்ந்தே சொல்வது பழைய முறை. அஷ்கெனாஸிகளிடம் முன்பெல்லாம் ஒரு கடிஷை ஒருவரே சொல்ல வேண்டும் என்றிருந்தது. ஏழு நாள் துக்கத்தில் இருப்பவருக்கா, முப்பது நாளில் இருப்பவருக்கா, ஆண்டு நினைவு நாள் காண்பவருக்கா முதலுரிமை என்று விதிகள் வகுத்து, சீட்டுப் போட்டுப் பார்த்துங்கூடச் சண்டை ஓயவில்லை. பின்னாளில் அவர்களிலும் பலர் சேர்ந்து சொல்லும் முறைக்கு மாறினார்கள். பலர் குரலோடு கலந்து ஒலிக்கும்போது, மகளின் குரல் தனித்துத் தெரிந்து யாரையும் உறுத்துவதில்லை.

மருமகன் சொன்னது பற்றியும் ஒரு வார்த்தை. மகன் இல்லாதபோது பேரனோ, மருமகனோ, வேறு உறவினரோ சொல்லலாம். யாரும் இல்லையென்றால் பணம் கொடுத்து ஒருவரை அமர்த்தலாம். சமயக் கல்லூரிகள் காணிக்கை பெற்றுக்கொண்டு இதற்கு ஆள் ஏற்பாடு செய்வது இன்றும் நடக்கிறது. பெற்ற மகள் வாயடைத்து நிற்க, கூலிக்கு வந்தவர் ஓதுவது பொருநைக்கு எப்படிப் படும் என்பதை ஊகிக்க முடிகிறது. எனக்கும் அது உவப்பாக இல்லை. ஆனால் உறவு யாருக்கு அதிகம் என்பதை அந்தச் சட்டம் அளப்பதில்லை, இறந்தவர் பொருட்டுச் சபையின் பதில் எழுந்ததா என்பதையே பார்க்கிறது என்று கொண்டால், அதன் ஏரணமாவது புரியும்.

யார் சொல்லலாம் என்பதைப் போலவே, எவ்வளவு காலம் சொல்லலாம் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தீயவர்களுக்கு நரகத் தீர்ப்பு பன்னிரண்டு மாதம் என்று தல்மூத்தின் மூல நூலான மிஷ்னா கூறுகிறது. பன்னிரண்டு மாதமும் கடிஷ் சொன்னால், என் தகப்பன் தீயவன் என்று மகனே பறைசாற்றியது போலாகும். ஆகவே பதினொரு மாதத்தோடு நிறுத்த வேண்டும் என்று 1572இல் மறைந்த கிராக்கோவ் ரபி மோஷே இஸ்ஸெர்லெஸ் பதிவு செய்தார். செபராதிகளில் சிலர் பதினொரு மாதம் முடிந்ததும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு, ஆண்டு நிறையும்வரை மீண்டும் தொடர்வார்கள். சட்டத்துக்கும் பாசத்துக்கும் இடையே ஒரு வாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மதம் மாறி யூதரானவர் தம் யூதரல்லாத பெற்றோருக்குக் கடிஷ் சொல்லலாமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. மதம் மாறியவர் புதிதாகப் பிறந்த குழந்தைக்கு ஒப்பானவர், பழைய உறவு சட்டப்படி அற்றுப்போகிறது என்பது பொது விதி. அப்படியிருந்தும், இஸ்ரேலின் செபராதித் தலைமை ரபியாக இருந்த ஓவாதியா யோசேப் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தார். கடமை இல்லாத இடத்திலும் உரிமை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொருநை எழுதியது:

அப்படியானால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சட்டம் அற்றுப்போனதாகச் சொல்லும் உறவுக்கே வழி கண்டவர்கள், சட்டம் ஒப்புக்கொண்ட உறவான மகளுக்கு வழக்கத்தைக் காரணம் காட்டுகிறார்கள். வழக்கம் தளர்ந்துவிடும் என்ற அச்சம் பாகராக் காலத்தில் நியாயமாகவே இருந்திருக்கலாம். இன்று தடுப்பதால்தான் தளர்கிறது. சிகாகோவில் வாழ்ந்த ரபி அகரோன் சொலவேச்சிக் 1993இல் வெளிவந்த தம் நூலில் இதையே சொன்னார். மகளைத் தடுத்தால் அவள் ஆர்த்தடாக்ஸை விட நெகிழ்வான சீர்திருத்தப் பிரிவையும் கன்சர்வேடிவ் பிரிவையும் நாடிப் போவாள், ஆகவே தடுக்கக் கூடாது என்றார். காரணத்தில் கொஞ்சம் கட்சிக் கணக்கு தெரிகிறது, முடிவு சரியானது.

அந்தப் பிரிவுகளில் நிலைமை வேறு. கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு பெண்களைப் பதின்மரில் எண்ணலாம் என்று 1973இலேயே முடிவு செய்துவிட்டது. சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் பதின்மர் வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. துக்கத்தில் இருப்பவரைத் தனியே நிறுத்தாமல், பெயர் சொல்ல ஆளின்றி நாஜிகளால் கொல்லப்பட்டவர்களையும் எண்ணிச் சபை முழுவதும் எழுந்து கடிஷ் சொல்வதும் அங்கே பரவலான வழக்கம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கடைசியில் சொன்னது எனக்கு முழுவதும் உடன்பாடில்லை. எல்லோருமே எழுந்து சொன்னால், பதில் சொல்ல எஞ்சியிருப்பவர் யார்? துக்கத்தில் இருப்பவர் அழைக்க, துக்கமற்றவர்கள் பதில் கொடுத்து அவரைத் தாங்குவதுதான் கடிஷின் அமைப்பு. மகளுக்கு உரிமை வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். சபையின் இடத்தைக் கலைத்துவிட்டு அந்த உரிமையைத் தருவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

2020இல் இந்தக் கேள்வி வேறு உருவில் எல்லோர் வீட்டுக்கும் வந்தது. கொரோனாவால் ஜெப ஆலயங்கள் மூடப்பட்டன, துக்க வீடுகளோ பெருகின. ஒரே இடத்தில் கூடிய பதின்மரே மின்யான், தொலைவில் இருப்பவர் அதனோடு இணையலாமே தவிர எண்ணிக்கையில் சேர முடியாது என்பதே கன்சர்வேடிவ் பிரிவு 2001இல் ஏற்ற நிலை. அந்த நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் ஜூம் திரையில் கூடும் பதின்மரையும் கணக்கில் கொள்ளலாம் என்று அதன் சட்டக் குழுத் தலைவர்கள் 2020 மார்ச்சில் வழி திறந்தார்கள். ஆர்த்தடாக்ஸ் ரபிகள் இதை ஏற்கவில்லை. அவர்களுடைய சபையினர் மாடி முகப்புகளிலும் முற்றங்களிலும் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி நின்று எண்ணிக்கையை நிறைத்தார்கள். அதற்கும் வழியில்லாத பலர் அந்த மாதங்களில் கடிஷ் சொல்லாமலே இருந்தார்கள், ஆண்களும்.

மாடவிளக்கு எழுதியது:

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். யார் எண்ணப்படுவர் என்ற வழக்கு ஆண், பெண் என்ற கோட்டில் மட்டும் நடக்கவில்லை. 1568இல் கட்டப்பட்ட கொச்சி பரதேசி ஜெப ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் முன்கூடத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. தோரா என்ற மறைநூலின் வாசிப்புக்கு அழைக்கப்படும் உரிமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான ஏ. பி. சேலம் (1882–1967), சென்னையில் சட்டம் பயின்ற வழக்கறிஞர், சத்தியாக்கிரக வழியில் போராடி அந்த வேலிகளைத் தளர்த்தினார். 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிறகு, மட்டாஞ்சேரியில் பதின்மர் சேர்வதே அரிதாகி, வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்தால்தான் எண்ணிக்கை நிறையும் என்ற நிலை வந்தது. முன்கூடத்தில் உட்கார வைத்தவர்களின் வீடுகளிலும் கடிஷ் அந்தப் பயணிகளின் வரவை எதிர்பார்த்தே நின்றது.

நாவாய் எழுதியது:

தெற்குவாசல் அவர்களின் பதிலுக்கு நன்றி. அன்று அந்த அறையில் நானும் சுவரோரம் நின்றேன். எல்லோரும் ஆமென் சொன்னபோது எனக்கும் சொல்ல வேண்டும் போலிருந்தது. நான் கிறிஸ்தவன், எங்கள் ஜெபத்திலும் அந்தச் சொல் உண்டு. தவறாகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன். அடுத்த மாதம் அவருடைய ஆண்டு நினைவு நாளுக்கு மகள்கள் என்னையும் கல்லறைக்கு அழைத்திருக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தாராளமாகச் சொல்லுங்கள், தம்பி. உங்கள் ஆமென் பதின்மரின் எண்ணிக்கையில் சேராது, அவ்வளவுதான். அதைத் தவறாகக் கொள்ள மாட்டார்கள். கடிஷ் சொல்லும்போது எழுந்து நில்லுங்கள், கல்லறையில் ஆண்கள் தலையை மூடிக்கொள்வது வழக்கம் என்பதால் ஒரு தொப்பி எடுத்துச் செல்லுங்கள். புறப்படும்போது கல்லறையின் மேல் சிறு கல் ஒன்றை வைப்பார்கள், நீங்களும் வைக்கலாம். பதின்மர் சேர்கிறார்களா என்று மகள்களிடம் முன்கூட்டியே கேட்டு, குறையும்போல் இருந்தால் அவர்களுடைய ஜெப ஆலயத்துக்குச் சொல்லிவிடச் செய்யுங்கள், ஆட்களை அனுப்பி வைப்பார்கள். அன்று வாய் திறக்காத மூத்த மகள் இந்த முறை சொல்ல விரும்பினால், தங்கையையும் அருகில் நிற்கச் சொல்லுங்கள்.